லேப்டாப் ஸ்லோவா? கடைக்குப் போய் "மெமரி போடணும்" என்று மட்டும் கேட்காதீர்கள்!

[திரையில்: கோத்தகிரி, விடியற்காலை மூடுபனி, ஒரு பேக்கரியின் விறகு அடுப்பு]

வணக்கம் நண்பர்களே. "மெமரி" என்ற ஒரே ஒரு வார்த்தையால் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு அக்காவின் இரண்டு மாதச் சேமிப்பு போய்விட்டது. அக்கா கொழுந்து பறிக்கப் போகிறவர், மகள் காலேஜில் இரண்டாம் வருடம். மகளின் பழைய லேப்டாப் திறக்கவே பத்து நிமிடம் எடுக்கிறது என்று தூக்கிக்கொண்டு ஒரு கடைக்குப் போனார். யாரோ சொல்லிக் கொடுத்தபடி "மெமரி போடணும்" என்று கேட்டிருக்கிறார். கடையில் 1 டிபி வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து மாட்டினால் லேப்டாப் முன்பு எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. "தம்பி, மெமரி போட்டும் அப்படியே நிக்குதுப்பா" என்று என்னிடம் வந்தார். அன்றைக்கே இந்த வீடியோவைப் போட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

கடைக்காரர் ஏமாற்றினார் என்று நான் சொல்ல வரவில்லை. அக்கா கேட்ட வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் இருக்கிறது, வேலை நடக்கும்போது பயன்படுகிற ரேம் ஒன்று, சேமித்து வைக்கிற டிஸ்க் ஒன்று. அவருக்குத் தேவையில்லாத அர்த்தம் கைக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் போனது ஒரு குடும்பத்தின் பணம். அதனால் இந்த ஒரு விஷயத்தை மட்டும் நிதானமாகப் பார்ப்போம், மற்ற சுருக்கெழுத்துகளைப் போகிற போக்கில் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் சுருக்கெழுத்து என்றதுமே பயப்படுகிறவர்கள் நிறைய பேர். இந்த மலையில் சிடிசி தூள் என்றால் குழந்தைக்குக்கூடத் தெரியும். க்ரஷ், டியர், கர்ல், அதாவது நசுக்கு, கிழி, சுருட்டு. அந்த விரிவு தெரியாமலே காலம் காலமாக டீ குடித்துக்கொண்டிருக்கிறோம். ரேம், சிபியு எல்லாம் அதே மாதிரிதான். விரிவை மனப்பாடம் செய்ய வேண்டாம், அது என்ன வேலை செய்கிறது என்று தெரிந்தால் போதும்.

சரி, இப்போது பேக்கரிக்குள் வாருங்கள்.

[திரையில்: வர்க்கி மாவு இழுக்கும் பெரிய மரமேசை]

வர்க்கி போடுகிறதை நின்று பார்த்திருக்கிறீர்களா? மைதா மூட்டை, சர்க்கரை, வனஸ்பதி டின் எல்லாம் ஸ்டோர் ரூமில் இருக்கும். நம் ஊர்ச் சரிவில் கட்டின கட்டடம் என்பதால் அந்த ஸ்டோர் பெரும்பாலும் பத்து இருபது படி கீழே இருக்கும். மேலே ஒரு பெரிய மரமேசை. மாஸ்டர் அதில் மாவை இழுக்கிறார், மடிக்கிறார், மறுபடி இழுக்கிறார். அந்த அடுக்கு அடுக்கான மொறுமொறுப்பு முழுக்க இந்த மேசையில்தான் பிறக்கிறது.

மாஸ்டர்தான் சிபியு, கணக்குப் போடுகிற மூளை. மேசைதான் ரேம். கீழே இருக்கிற ஸ்டோர்தான் ஹார்ட் டிஸ்க், அல்லது சுற்றுகிற தட்டே இல்லாத வேகமான புது வகையான எஸ்எஸ்டி. உங்கள் போட்டோ, பாடம், ரெக்கார்டு நோட்டு எல்லாம் ஸ்டோரில் தூங்கிக்கொண்டிருக்கும். ஒரு ஃபைலைத் திறக்கிறீர்கள் என்றால் அது படியேறி மேசைக்கு வருகிறது. சேவ் செய்தால் திரும்ப ஸ்டோருக்குப் போகிறது. கடையை மூடும்போது மேசையைத் துடைத்துவிடுவார்கள் இல்லையா, கரண்ட் போனால் ரேமும் அப்படித்தான் துடைத்த மாதிரி காலி. மழைக்காலத்தில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாத ஊரில் இருக்கிறோம், பேட்டரி செத்துப்போன லேப்டாப்பில் டைப் செய்கிறவர்கள் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கன்ட்ரோல் எஸ் அழுத்துங்கள், தயவு செய்து.

இப்போது அக்கா வீட்டு லேப்டாப்புக்கு வருவோம். மேசை சின்னது, 4 ஜிபி ரேம். விண்டோஸ் வந்து உட்கார்ந்ததுமே பாதி மேசைக்கு மேல் அதற்கே போய்விட்டது. மேலே குரோமில் பதினான்கு டேப். இனி புது மாவை வைக்க இடமில்லை. மாஸ்டர் என்ன செய்வார்? பாதி பிசைந்த மாவைத் தட்டோடு கீழே ஸ்டோருக்கு அனுப்புவார், அது வேண்டும் என்றால் இன்னொன்றைக் கீழே அனுப்பிவிட்டு இதை மேலே வரவழைப்பார். நாள் முழுக்க படி ஏறி இறங்குவதிலேயே போய்விடும், வர்க்கி வெளியே வராது. கம்ப்யூட்டரில் இதற்கு ஸ்வாப் என்று பெயர். லேப்டாப் நின்று நின்று போவதற்குப் பல வீடுகளில் இதுதான் காரணம். அக்கா வாங்கி வந்தது என்ன? பக்கத்துத் தெருவில் இன்னொரு பெரிய குடோன். மேசை அதே மேசைதான்.

அந்தப் படியேறுவது எவ்வளவு தாமதம் என்று தெரிந்தால் அசந்துவிடுவீர்கள். மேசையில் கை நீட்டி ஒரு பொருளை எடுக்க ஒரு நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே கணக்கில், தட்டு சுற்றுகிற பழைய ஹார்ட் டிஸ்கில் போய் ஒன்றைத் தேடி எடுத்து வர ஒரு நாளுக்கு மேல் ஆகும். ஒரு கைப்பிடி மாவுக்கு மேட்டுப்பாளையம் வரை இறங்கி, ராத்தங்கி, மறுநாள் ஏறி வருகிற மாதிரி! எஸ்எஸ்டி என்றால் கால் மணி நேரம் போல. அதனால்தான் பழைய லேப்டாப்பில் உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டாலும் நல்ல வித்தியாசம் தெரியும். ஸ்டோரை மேசைக்குப் பக்கத்திலேயே கொண்டு வந்து வைத்த மாதிரி.

ரேம் பற்றி எனக்கு ரொம்பப் பிடித்த ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். மாஸ்டர் பிசைந்த மாவை ஈரத்துணி போட்டு மூடி வைப்பார், துணி காயக் காய மறுபடி நனைப்பார், இல்லையென்றால் மாவு காய்ந்துவிடும். ரேமுக்குள்ளும் அதேதான் நடக்கிறது. ஒவ்வொரு தகவலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குட்டித் தொட்டியில் கொஞ்சம் மின்சாரமாக நிற்கிறது, அந்தத் தொட்டி கசியும். அதனால் சுமார் 64 மில்லி நொடிக்குள் ஒரு தடவை, அதாவது நொடிக்குப் பதினைந்து தடவைக்கு மேல், ரேம் முழுவதையும் படித்துப் படித்துத் திரும்ப நிரப்பிக்கொண்டே இருக்கிறார்கள். ஐபிஎம் என்ற கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்த ராபர்ட் டென்னார்ட் கண்டுபிடித்தது இது, 1968-ல் காப்புரிமை கிடைத்தது. நீங்கள் இந்த வீடியோவைப் பார்க்கிற போனுக்குள்ளும் இந்த நிமிடம் ஈரத்துணி நனைந்துகொண்டுதான் இருக்கிறது. கரண்ட் போனால் ஏன் எல்லாம் அழிகிறது என்று இப்போது புரிகிறதா? நனைக்க ஆள் இல்லை.

ஆகவே கடையில் கேட்க வேண்டியது: "ரேம் எவ்வளவு இருக்கு, இன்னும் கூட்ட முடியுமா?" சில லேப்டாப்களில் ரேமைப் போர்டிலேயே பற்ற வைத்திருப்பார்கள், கூட்ட முடியாது, அதனால் இரண்டாவது பாதிக் கேள்வி ரொம்ப முக்கியம். போவதற்கு முன்னால் நீங்களே வீட்டில் பார்த்துவிடலாம். விண்டோஸ் என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும், அதில் மெமரி என்ற இடத்தில் ஒரு சதவீதம் தெரியும். அக்கா வீட்டில் அது 93. டேப்களை மூடினோம், ஆன் செய்ததுமே தானாகத் திறக்கிற நான்கு புரோகிராம்களை நிறுத்தினோம், 60-க்கு வந்தது. செலவு ஒரு ரூபாய் இல்லை.

அடுத்து, 32 ஜிபி பென் டிரைவ் வாங்கினேன், 29 தான் காட்டுகிறது என்று கேட்கிறவர்களுக்கு. யாரும் திருடவில்லை. கேரட் மூட்டை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். தோட்டக்காரர் சின்னச் சாக்கில் 32 மூட்டை கட்டி அனுப்புகிறார், மண்டியில் அதே கேரட்டைக் கொஞ்சம் பெரிய சாக்கில் கொட்டினால் முப்பது மூட்டைகூட வராது. பென் டிரைவ் கம்பெனி 1000, 1000-ஆகப் பெருக்கி ஜிபி போடுகிறது, விண்டோஸ் 1024, 1024-ஆகப் பெருக்குகிறது. 32 அங்கே 29.8 ஆகும், 1 டிபி 931 ஜிபி ஆகும். கேரட் அதே கேரட்தான்.

[திரையில்: பெரிய எழுத்தில் ஊட்டி]

சரி, இந்த கேபி, எம்பி, ஜிபி எல்லாம் எதை எண்ணுகின்றன? பைட்டை. ஆயிரம் பைட் ஒரு கேபி, ஆயிரம் கேபி ஒரு எம்பி, ஆயிரம் எம்பி ஒரு ஜிபி. ஒரு பைட் என்பது எட்டு பிட். பிட் என்றால் ஒரு சுவிட்ச், ஆன் அல்லது ஆஃப், அதற்கு மேல் ஒன்றுமில்லை. எட்டு சுவிட்சை 256 விதமாகப் போடலாம், ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பைட் போதும். ஊட்டி என்று ஆங்கிலத்தில் எழுதினால் நான்கு எழுத்து, நான்கு பைட்.

தமிழில் எழுதினால்? நம் கண்ணுக்கு மூன்றே எழுத்து. கம்ப்யூட்டருக்கு ஐந்து துண்டு: ஊ, ட, புள்ளி, இன்னொரு ட, அதன் மேல் போடும் கொக்கி. எழுத்தை பைட்டாக மாற்ற இணையத்தில் எங்கும் புழங்கும் யுடிஎஃப் 8 முறையில் ஒரு தமிழ்த் துண்டுக்கு மூன்று பைட். ஆக 15 பைட்! நம்பிக்கை வரவில்லை என்றால் உங்கள் போனில் "கு" என்று அடித்துவிட்டு ஒரு தடவை மட்டும் அழியுங்கள். பல போன்களில் எழுத்து முழுசாகப் போகாது, சுழி மட்டும் போய் "க" நிற்கும். நாம் முதல் வகுப்பில் கரியும் பலகையுமாகப் படித்த உயிர்மெய்க் கணக்கு போனுக்குள் அப்படியே இருக்கிறது என்று முதல் தடவை பார்த்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் கோத்தகிரியின் "கோ" பாருங்கள், முன்னால் ஒரு கொம்பு, நடுவில் க, பின்னால் ஒரு கால் என்று மூன்று வடிவம் எழுதுகிறோம். கம்ப்யூட்டருக்கு அது இரண்டே துண்டுதான், க ஒன்று, ஓகாரக் குறி ஒன்று. கொம்பையும் காலையும் பிரித்து எங்கெங்கே வரைய வேண்டுமோ அங்கங்கே எழுத்துரு வரைந்துகொள்கிறது.

பழைய எஸ்எம்எஸ் ஞாபகம் இருக்கிறதா? ஆங்கிலத்தில் 160 எழுத்து போகும், தமிழில் அடிக்க ஆரம்பித்ததும் 70-க்கே ஒரு மெசேஜ் முடிந்துவிடும். ஒரு எஸ்எம்எஸ்ஸில் மொத்தம் 140 பைட்தான் இடம், ஆங்கில எழுத்துக்கு அங்கே எட்டு இல்லை, ஏழு பிட்தான், தமிழ்த் துண்டுக்கு இரண்டு பைட், வகுத்துப் பாருங்கள். அப்படியானால் தமிழில் எழுதினால் டேட்டா தீர்ந்துவிடுமா என்று ஒருவர் கேட்டார். தீரவே தீராது. இரண்டாயிரம் துண்டு உள்ள ஒரு முழுப் பக்கம் 6 கேபி. குரூப்பில் வருகிற ரோஜாப்பூ காலை வணக்கப் படம் 150 கேபி என்று வைத்தால்கூட, அந்த ஒரு படம் இருபத்தைந்து பக்கத் தமிழுக்குச் சமம். தாராளமாகத் தமிழில் எழுதுங்கள்.

மற்றதெல்லாம் வேகமாக. சிபியு பக்கத்தில் 2 ஜிகாஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தால் நொடிக்கு 200 கோடி துடிப்பு. பென் டிரைவ் சொருகுகிற யுஎஸ்பி 1996-ல் வந்தது, அதை உருவாக்கிய இன்டெல் குழுவில் முன்னால் நின்றவர் நம் நாட்டில் பிறந்த அஜய் பட். பிடிஎஃப் 1993-ல் அடோபி கொண்டுவந்தது, எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் பக்கம் கலையாது, அதனால்தான் சான்றிதழ்களுக்கு அதைக் கேட்கிறார்கள். ஓஎஸ் என்றால் விண்டோஸ், ஆண்ட்ராய்டு மாதிரி எல்லாரையும் வேலை வாங்குகிற முதலாளி. 1956-ல் ஐபிஎம் வெளியிட்ட முதல் ஹார்ட் டிஸ்க் ஒரு டன்னுக்கு மேல் கனம், பர்லியாறு ஏற்றத்தில் லாரியே திணறியிருக்கும், அதில் பிடித்தது இன்றைய ஒரு போட்டோ அளவு!

வைஃபைக்கு மட்டும் ஒரு நிமிடம். அது எதன் சுருக்கமும் கிடையாது. 1999-ல் சூட்டிய ஒரு பெயர், அவ்வளவுதான். அப்புறம், வைஃபையும் இன்டர்நெட்டும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டு ரூட்டர் பெட்டிக்கும் உங்கள் போனுக்கும் நடுவில் இருக்கும் தூரம் மட்டும்தான் வைஃபை. ஐப்பசி மழையில் ரோட்டில் மரம் சாய்ந்து கேபிள் அறுந்தால் போனில் வைஃபை கோடு முழுசாகத் தெரியும், நெட் வராது. அந்த நேரத்தில் போனை ஆஃப் செய்து ஆன் செய்து பிரயோஜனமில்லை. இன்னொன்று, 40 எம்பிபிஎஸ் (Mbps) பிளான் என்பதில் இருக்கும் முதல் பி ஆங்கிலத்தின் சின்ன பி (b), அதாவது பிட். டவுன்லோடு பார்க்கும்போது வருவது பெரிய பி (B), பைட். எட்டால் வகுங்கள், நொடிக்கு 5 எம்பி வந்தால் பிளான் சரியாகத்தான் வருகிறது, போன் போட்டுச் சண்டை போட வேண்டாம்.

அக்காவின் ஹார்ட் டிஸ்கைக் கடையில் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. மகள் அதில் குடும்பப் போட்டோக்களை ஏற்றிக்கொண்டிருக்கிறாள், அதற்கு அது சரியான பொருள்தான். ரேம் கூட்ட அந்த லேப்டாப்பில் ஒரு இடம் காலியாக இருக்கிறது, போனஸ் வந்ததும் வாங்கலாம் என்று சொல்லியிருக்கிறார்.

கீழே கமெண்டில் உங்கள் ஊர்ப் பெயரைத் தமிழில் எழுதி, எத்தனை பைட் என்று நீங்களே எண்ணிப் போடுங்கள். புள்ளியையும் கொம்பையும் விடாமல் எண்ண வேண்டும், ஒவ்வொன்றையும் நான் சரிபார்க்கிறேன். நானே ஆரம்பித்து வைக்கிறேன்: அரவேணு, ஆறு துண்டு, 18 பைட்.