கர்னல் ஹிக்கின்சனின் நாட்குறிப்பும் கடலோரச் சிப்பாய்களும்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் தென்கரோலினாக் கரையில் போர்ட் ராயல் என்றொரு துறைமுகம் உண்டு. அதைச் சுற்றி ஆறும் உப்பங்கழியும் சதுப்பு நிலமும் பின்னிக் கிடக்கும் தீவுகள். நீண்ட இழைப் பருத்திக்குப் பேர்போன மண் அது. பாடுபட்டு விளைவித்தவர்கள் அடிமைகள். அடிமைமுறையை ஒட்டி வடக்கு மாநிலங்களும் தெற்கு மாநிலங்களும் மோதிய உள்நாட்டுப் போர் மூண்ட அதே ஆண்டில், 1861 நவம்பர் 7 அன்று, வடக்கு மாநிலங்களின் கப்பற்படை இந்தத் துறைமுகத்தைப் பீரங்கியால் அடித்துப் பிடித்தது. தோட்ட முதலாளிகள் வீட்டையும் பருத்தியையும் போட்டது போட்டபடி விட்டு ஓடினார்கள். அடிமைகள் ஓடவில்லை. சுமார் 10,000 பேர் அங்கேயே தங்கிவிட்டார்கள்.

 

பிடிபட்ட அந்தக் கரைக்கு 1862 நவம்பரில் ஓர் அதிகாரி வந்தார். பெயர் தாமஸ் வென்ட்வொர்த் ஹிக்கின்சன். மாசசூசெட்ஸ்காரர், பாதிரியாராக இருந்தவர், அடிமைமுறையைக் கடுமையாக எதிர்த்தவர். அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சன் தன் கவிதைகளை அனுப்பிக் கருத்துக் கேட்டாரே, அதே ஹிக்கின்சன்தான். தென்கரோலினா முதல் தொண்டர் படைக்கு அவர் கர்னல். சிப்பாய்கள் எல்லாரும் நேற்றுவரை அடிமைகளாக இருந்தவர்கள். அந்த முகாமில் அவர் எழுதிய நாட்குறிப்பும், வீட்டுக்குப் போட்ட கடிதங்களும் இன்று ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. அவற்றை வைத்துத் தன் படையைப் பற்றி 1870-இல் ஒரு நூலும் வெளியிட்டார்.

போர்க்கால அதிகாரிகளின் தாள்களில் பெரும்பாலும் உத்தரவு, சரக்குக் கணக்கு, காய்ச்சல், கொசு, இவைதான் நிறைந்திருக்கும். ஹிக்கின்சனின் தாள்களிலும் அவை உண்டு. என்னைக் கட்டிப்போடுவது அதுவல்ல. எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ளவே சட்டம் விடாத மக்களின் பேச்சும் பாட்டும் அந்தப் பக்கங்களில் வந்து விழுகின்றன. கர்னல் தன் கருத்தை ஒதுக்கிவைத்துவிட்டுக் காதுகொடுக்கும் இடங்களில்தான் அந்தத் தாள்களுக்கு உயிர் வருகிறது.

1863 ஜனவரி முதல் தேதியைப் பாருங்கள். முகாமை ஒட்டிய ஓக் மரத்தோப்பில் மேடை. விருந்துக்கு முழு மாடுகளைக் குழியில் வாட்டியிருந்தார்கள். குடிக்க வெல்லப்பாகும் இஞ்சியும் காடியும் கலந்த தண்ணீர். அடிமைகளுக்கு விடுதலை அறிவித்த ஜனாதிபதி லிங்கனின் பிரகடனம் வாசிக்கப்பட்டது. படைக்குக் கொடி கொடுத்தார்கள். கர்னல் அதை வாங்கிப் பேசத் தொடங்கும் முன், மேடைக்குப் பக்கத்திலிருந்து ஒரு கிழவரின் கரகரத்த குரல், யாரும் கேட்காமலே, அமெரிக்க தேசப் பாடல் ஒன்றை எடுத்தது. இரண்டு பெண் குரல்கள் சேர்ந்தன. அப்புறம் கூட்டமே பாடியது. மேடையிலிருந்த வெள்ளைக்காரர்களும் சேர்ந்து பாடப் போனபோது, ஹிக்கின்சன் கையமர்த்தி அவர்களை நிறுத்தினார். இது என் நாடு என்று அந்தக் கறுப்பின மக்கள் சொல்ல முடிந்த முதல் நாள் அது. அந்தப் பாட்டுக்கு முன்னால் தன் பேச்சு ஒன்றுமில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இரவில் சிப்பாய்கள் நெருப்பைச் சுற்றி நின்று பக்திப் பாடல்கள் பாடுவார்கள். கர்னல் இருட்டில் ஒதுங்கி நின்று, கையைச் சட்டைப் பைக்குள் விட்டபடியே வரிகளைக் கிறுக்கிக்கொள்வார். கூடாரத்துக்குப் போய் விளக்கொளியில் சரிபார்ப்பார். இப்படிச் சேர்த்த பாடல்களை 1867-இல் அட்லாண்டிக் மாத இதழில் வெளியிட்டார். வாயோடு வாயாகப் போயிருக்க வேண்டியவை அச்சில் நின்றன.

1863 ஜனவரிக் கடைசியில் படை, ஜார்ஜியா-புளோரிடா எல்லையில் ஓடும் செயின்ட் மேரிஸ் ஆற்றில் கப்பலில் போனது. வழிகாட்டியவர் ராபர்ட் சட்டன் என்ற கார்ப்பொரல். அந்த ஆற்றங்கரையில் அடிமையாக இருந்து தனியே தோணியில் தப்பியவர், பிறகு திரும்பிப் போய்க் குடும்பத்தையும் மீட்டு வந்தவர். பழைய எஜமானியின் வீட்டுக்குப் போனதும், ‘இவரை உங்களுக்குத் தெரிந்திருக்குமே’ என்று கர்னல் சட்டனை முன்னே நிறுத்தினார். அந்த அம்மா நிமிர்ந்து, ‘நாங்கள் இவனை பாப் என்றுதான் கூப்பிடுவோம்’ என்றார். சட்டன் அந்த அம்மாவுக்கு ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. கர்னலைத் தோட்டத்துச் சிறைக்கொட்டடிக்கு அழைத்துப் போய்க் காட்டினார். தரையில் அடித்த சங்கிலி, தொழுமரங்கள். ஒன்றில் துளைகள் சிறியவை, பெண்கள், குழந்தைகளின் காலுக்கு ஏற்றபடி.

அதற்காக ஹிக்கின்சன் எழுதியதை எல்லாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. தன் சிப்பாய்களைக் குழந்தைகள் என்று செல்லமாக எழுதிவிடுகிறார். பிள்ளைகுட்டி உள்ளவர்கள், சாட்டையடியைத் தாண்டி வந்தவர்கள் அவர்கள். இந்த இடங்களில் எனக்குக் கோபம் வருகிறது. இதற்கு மருந்து சூசி கிங் டெய்லர் 1902-இல் வெளியிட்ட நினைவுநூல். ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்தவர். சவானாவில் சிறுமியாக இருந்தபோது புத்தகத்தைத் தாளில் சுற்றி மறைத்துக்கொண்டு போய் ரகசியமாகப் படித்தவர். இதே படையில் துணி துவைத்தார், காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொண்டார், சிப்பாய்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். கர்னல் மேல் அவருக்கு மதிப்பு உண்டு. ஆனால் அவர் எழுத்தில் அந்தச் சிப்பாய்கள் வளர்ந்த ஆண்கள்.

சம்பள விவகாரத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். மாதம் 13 டாலர் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, கறுப்பினச் சிப்பாய்க்கு 10 டாலர் என்றார்கள். அதிலும் உடுப்புக்கு 3 டாலர் பிடித்தம். ஹிக்கின்சன் பத்திரிகைகளுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். 1864 ஜூனில் நாடாளுமன்றம் சமச் சம்பளச் சட்டம் கொண்டுவந்தது. ஆனால் முன்தேதியிட்ட முழுப் பாக்கி, போர் தொடங்கியபோதே அடிமையாக இல்லாதவர்களுக்குத்தான். ஹிக்கின்சனின் ஆட்களோ அடிமைகளாக இருந்தவர்கள். முதலில் படையில் சேர்ந்தவர்களே வெளியே நின்றார்கள். அவர் விடாமல் எழுதினார். 1865 மார்ச்சில்தான் இன்னொரு சட்டம் வந்து அந்தப் பாக்கிக்கு வழி பிறந்தது. நான்கு ஆண்டுக்கு மேல் உழைத்த சூசி கிங் டெய்லருக்கு ஒரு டாலர்கூட வரவில்லை. அவரே எழுதியிருக்கிறார்.

இரண்டு நூல்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சூசியின் நூல் சிறியது. அதை முதலில் படித்துவிட்டுக் கர்னலிடம் போங்கள். நன்றி, வணக்கம்.