தலை மட்டும் முடிந்த படம்

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு மாலை வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, வேலை முடிந்த கையோடு தோட்டத்திலிருந்து வந்திருக்கும் அண்ணன்மார்களே, அக்காமார்களே, வணக்கம்.

திரையில் தெரிகிற இந்த ஓவியம் லண்டன் தேசிய உருவப்பட அரங்கில் இருக்கிறது. ஆள் வில்லியம் வில்பர்ஃபோர்ஸ். அடிமை வணிகத்தை ஒழிக்க ஆங்கிலேய நாடாளுமன்றத்தில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் போராடி, 1807இல் அதற்குச் சட்டம் வரச் செய்தவர். 1828இல் தாமஸ் லாரன்ஸ் இவரை வரைய உட்கார வைத்தபோது வயது எழுபதை நெருங்கிவிட்டது. முதுகெலும்பு வளைந்துபோயிருந்தது. தலை சாய்ந்திருப்பதைப் பாருங்கள். நம் கண்ணுக்கு அது கூனலாகவா தெரிகிறது? பக்கத்து வீட்டுப் பெரியவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு நம்மிடம் ஏதோ கேட்பது போலல்லவா இருக்கிறது! லாரன்ஸ் கெட்டிக்காரர்.

கழுத்துக்குக் கீழே வெறும் கோடுகள்தான். 1830 ஜனவரியில் லாரன்ஸ் இறந்துபோனார். படம் அப்படியே நின்றுவிட்டது.

"சீர்திருத்தமும் இப்படித்தான் பாதியில் நின்றது" என்று சொன்னால் இந்த இடத்தில் கைதட்டல் கிடைக்கும். எனக்கு வேண்டாம். ஓவியர் செத்ததால் நின்றது படம். சட்டத்தில் விட்ட இடமோ தெரிந்தே விட்டது.

1833 ஜூலை 26 அன்று அடிமை ஒழிப்பு மசோதா நிறைவேறுவது உறுதி என்ற செய்தி வில்பர்ஃபோர்ஸுக்கு எட்டியது. மூன்றாம் நாள் அவர் காலமானார். அந்தச் சட்டம் இரண்டு கோடி பவுன் இழப்பீடு கொடுத்தது. யாருக்கு? அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்கு. அடிபட்டவனுக்கு ஒரு காசு இல்லை. இன்னொன்றும் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் நான் வந்தேன். கிழக்கிந்தியக் கம்பெனியின் நிலங்களுக்கும் இலங்கைக்கும் செயின்ட் ஹெலினா தீவுக்கும் இந்தச் சட்டம் செல்லாது என்று அதிலேயே ஒரு பிரிவு. அப்போது பினாங்கு யார் கையில்? மலாக்கா? சிங்கப்பூர்? எல்லாம் கம்பெனி கையில். கம்பெனி நிலத்துக்கென்று தனிச் சட்டம் வர 1843 ஆயிற்று.

விடுதலைச் சட்டம் நடப்புக்கு வந்த 1834இலேயே மொரீஷியஸ் கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறினார்கள். பிறகு இங்கே பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையான புரோவின்ஸ் வெல்லஸ்லிக்கு நம்மவர்கள் வந்ததும் முதலில் கரும்புக்குத்தான். கித்தா, அதாவது ரப்பர் மரமெல்லாம் பின்னால் வந்த கதை.

வில்பர்ஃபோர்ஸைக் கும்பிடவும் நான் சொல்லவில்லை, ஏசவும் சொல்லவில்லை. தொழிலாளர் ஒன்றுசேர்வதையே குற்றமாக்கிய 1799ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு ஆதரவாக நின்றவரும் இவரேதான். சங்கத்துக்குச் சந்தா கட்டுகிற உங்களுக்கு இது உறைக்கும். கடலுக்கு அப்பால் இருந்த அடிமைக்காக உருகிய மனம் சொந்த ஊர் ஆலைத் தொழிலாளியிடம் ஏன் இறுகிப்போனது? என்னைக் கேட்டால், அடிமை கையேந்தி மண்டியிட்டதாக அவர்கள் படம் போட்டுப் பார்த்தார்கள். ஆலைத் தொழிலாளி மண்டியிடவில்லை, கூலி கேட்டான்.

மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிந்தது. தோட்டத்து மேஸ்திரியான கங்காணி ஊருக்குப் போய் ஆள் சேர்த்து வருகிற முறை அதன் பிறகும் நடந்தது. 1938இல் இந்திய அரசு தடை போட்ட பிறகே நின்றது. தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார். கங்காணி கதையைத் தேநீர் குடித்துவிட்டுப் பேசுவோம்.