நல்ல தண்ணீர்க் கொசு

எல்லோருக்கும் வணக்கம். கொசுவைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், "முதலில் எங்கள் தெருச் சாக்கடையைப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்றார் முன்வரிசைப் பெரியவர் ஒருவர். நியாயம்தான். ஆனால் ஐயா, நான் சொல்ல வந்த கொசுவுக்குப் பெரும்பாலும் சாக்கடை பிடிக்காது. நீங்கள் சமையலுக்கும் குளிப்பதற்கும் பிடித்து வைக்கிற நல்ல தண்ணீர்தான் அதற்கு வேண்டும்.

பெயர் அனோபிலிஸ் ஸ்டீபன்சி. சென்னையில் மலேரியாவைப் பரப்புவது இதுதான். கிணறு, மாடித் தொட்டி, கட்டுமான இடத்தில் தேக்கி வைத்த நீர், எது கிடைத்தாலும் முட்டையிடும். நமக்குப் பழைய எதிரி. ஆப்பிரிக்காவுக்குப் புதுசு.

அங்கே 2012-இல் முதலில் கண்டது ஜிபூட்டியில். துறைமுக நாடு, கப்பலில் ஏறி வந்திருக்கலாம் என்பது பொதுவான ஊகம். அந்த ஆண்டு அங்கே பதிவான மலேரியா நோயாளிகள் வெறும் 27 பேர். 2020-இல் 73,000-க்கும் மேல். நாட்டின் மக்கள்தொகையே சுமார் பத்து லட்சம்தான்! மொத்தப் பழியையும் ஒரு கொசுவின் தலையில் கட்டிவிட முடியாது, சரி. இருந்தாலும் இந்த ஏற்றத்தை வேறு எப்படி விளக்குவது?

ஆப்பிரிக்காவின் பழைய மலேரியாக் கொசுக்கள் மழைக்குட்டையை நம்பிப் பிழைப்பவை. மழை நின்றால் அவற்றின் ஆட்டமும் அடங்கும். ஊர்ப்புறத்தில்தான் அவற்றுக்கு வாழ்வு. நள்ளிரவில் வீட்டுக்குள் வந்து கடிக்கும். அதனால்தான் கொசுவலையும் சுவருக்கு மருந்தடிப்பதும் அங்கே அவ்வளவு பலன் தந்தன. ஸ்டீபன்சி அந்தக் கணக்கையே கலைத்துவிட்டது. சாயங்காலமே கடிக்க ஆரம்பித்துவிடும், வெளியிலும் கடிக்கும், மாட்டுக் கொட்டகையில் போய் ஓய்வெடுக்கும். பல பூச்சிமருந்துகளுக்கும் அசைந்து கொடுப்பதில்லை. எத்தியோப்பியாவின் திரே தாவா நகரில் 2022-இல் மலேரியா பரவியது வறண்ட பருவத்தில். குழாயில் தண்ணீர் வராத நாளில் ஜனங்கள் என்ன செய்வார்கள்? டிரம்மில் பிடித்து வைப்பார்கள். கொசுவுக்கு அது போதும்.

சூடான், சோமாலியா, நைஜீரியா, கென்யா, கானா என்று பட்டியல் நீண்டுவிட்டது. நமக்குப் பக்கத்திலும் ஒரு கதை உண்டு. 2016 செப்டம்பரில் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் மன்னாரில் இந்தக் கொசு அகப்பட்டது, கிணறுகளில். அப்புறம் யாழ்ப்பாணத்திலும். ஆனாலும் அங்கே மலேரியா மறுபடி வேரூன்றவில்லை. வெளிநாட்டிலிருந்து காய்ச்சலோடு வருகிறவர்களை விடாமல் பரிசோதிப்பதற்கு அதில் பெரிய பங்கு உண்டு என்று நினைக்கிறேன். கொசு வந்துவிட்டது, கிருமி அதற்குக் கிடைக்கவில்லை.

வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒரு தங்கை கேட்டார். தொட்டி மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். புழு தண்ணீர் மட்டத்தோடு படுத்தாற்போல் கிடந்தால் அனோபிலிஸ் இனம். தலைகீழாகத் தொங்கினால் டெங்குக் கொசுவாகவோ சாக்கடைக் கொசுவாகவோ இருக்கும். வெளிச்சம் பட்டதும் சட்டென்று அடியில் இறங்கிவிடும். கொஞ்சம் பொறுங்கள், மூச்சு விட மேலே வந்துதான் ஆக வேண்டும்.