“ரீச்சர், அந்த மாவை வாங்கட்டோ?”

வணக்கம் நேயர்களே. உள்ளடக்கப் படைப்பாளர், செல்வாக்காளர் என்று இரண்டு பேரைச் சொல்கிறார்களே, அவர்களுக்குள் என்ன வித்தியாசம் என்பதுதான் இன்றைய பேச்சு.

மனையியல் படிப்பித்து ஓய்வு பெற்ற பிறகு, மகன் வாங்கித் தந்த போனில் என் சமையலைப் படம் பிடித்து யூடியூப்பில் போடத் தொடங்கினேன். முதல் காணொளி ஒடியல் கூழ். காயவைத்த பனங்கிழங்கில் இருந்து எடுக்கிற ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, மேலே தெளிந்து நிற்கும் நீரை வடித்துக் கைப்பு எடுக்கிறோமே, அதைத்தான் கூடுதல் நேரம் காட்டினேன். புதிதாகக் காய்ச்சுகிறவர்கள் பிழை விடுவது அங்கேதான். ரொறன்ரோவில் இருந்து ஒரு பிள்ளை, காணொளியைப் பார்த்துப் பார்த்தே காய்ச்சி முடித்ததாக எழுதினாள். அவளுக்கு நான் கோப்பாயா கொடிகாமமா என்று தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. கூழ் சரிவந்தால் போதும்.

இப்படி ஒன்றை ஆக்கிக் கொடுக்கிறவரைத்தான் உள்ளடக்கப் படைப்பாளர் என்கிறார்கள். பிள்ளைகள் வாயில் அது ‘கொன்டென்ட் கிரியேட்டர்’.

‘இன்ஃபுளுவன்சர்’ வேறு. நல்லூர்த் திருவிழாவுக்கு ஒரு பெண் மாம்பழ மஞ்சளில் ஒரு சேலை கட்டிப் போய், நாலு படம் இன்ஸ்டகிராமில் போடுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த நாள் கடையில் போனை நீட்டி, “இதே சேலை இருக்கோ?” என்று கேட்பார்கள். அவள் அதை நெய்யவில்லை, நெசவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவள் கட்டியதே காரணம். செல்வாக்காளர் என்று தமிழில் எழுதுவது பொருத்தமாகத்தான் இருக்கிறது.

இதை நான் குறைத்துச் சொல்லவில்லை. போனுக்கு முந்தியே இருந்த விஷயம் இது. 1940ஆம் ஆண்டு அமெரிக்க சனாதிபதித் தேர்தலின்போது, போல் லசாஸ்ஃபெல்ட் என்ற அறிஞர் ஒகையோ மாநிலத்தில் வாக்காளர்களைத் திரும்பத் திரும்பச் சந்தித்து விசாரித்தார். வானொலியையும் பத்திரிகையையும்விட, தெரிந்த ஒருவர் நேரே சொன்னதே பலருடைய முடிவில் கூடுதலாக வேலை செய்திருந்தது. வானொலியில் இருந்துகொண்டே இதைச் சொல்கிறேன்! நம் ஊரிலும் எந்தக் கடையில் நகை செய்விப்பது என்று யாரைக் கேட்கிறோம்? பெரியம்மாவைத்தான். இப்போது அந்தப் பெரியம்மாவை ஐம்பதாயிரம் பேர் பின்தொடர்கிறார்கள். அவர் வாய் திறக்க ஒருவர் காசும் கொடுக்கிறார்.

காசு வரும் வழியைப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் தெளிவாகும். யூடியூப்பில் நீண்ட காணொளிகள் போட்டு விளம்பரப் பங்கு பெற 1,000 சந்தாதாரர்களும், 12 மாதத்துக்குள் 4,000 மணிநேரப் பார்வையும் வேண்டும். அதன்பிறகு அந்தக் காணொளிகளில் ஓடும் விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் படைப்பாளருக்கு. எந்த விளம்பரம் வரும் என்று எனக்கே தெரியாது. செல்வாக்காளருக்கோ கடைக்காரர் நேரே கொடுக்கிறார். சிலவேளை காசு, சிலவேளை சேலை, சிலவேளை ஒரு நேரச் சாப்பாடு.

படைப்பும் செல்வாக்கும் ஒரே ஆளிடம் வந்து சேரும்போதுதான் சிக்கல். எனக்கு அது வந்தது. சீனி வருத்தத்தைக் குறைக்கும் என்று ஒரு மாவை விற்கிற நிறுவனம் என்னைத் தேடி வந்தது. காணொளியின் நடுவில் பக்கெற்றைக் கையில் எடுத்து, “நானும் இதைத்தான் பாவிக்கிறேன்” என்று சொல்ல வேண்டுமாம். நான் பாவித்ததில்லை. ஆனாலும் பக்கெற்றை மேசையில் வைத்து ஒரு காணொளி எடுத்தேன். காசும் வாங்கினேன். வாயால் ஒன்றும் சொல்லவில்லைத்தானே என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

மூன்றாம் நாள் ஒரு தாய் எழுதினார்: “ரீச்சர், அவருக்குச் சீனி கூடிப்போச்சு. அந்த மாவை வாங்கட்டோ? மருந்தைக் குறைக்கலாமோ?”

எனக்குக் கை நடுங்கியது. அவர் கேட்டது கூழ் காய்ச்சுகிற என்னிடம் இல்லை. முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பித்த ரீச்சரிடம் கேட்டார். அந்த நம்பிக்கையைத்தான் நான் அந்தப் பக்கெற்றுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். மருந்தை நிறுத்த வேண்டாம், கிளினிக்கில் கேளுங்கள் என்று உடனே பதில் எழுதினேன். காணொளியை அழித்தேன். காசைத் திருப்பி அனுப்பினேன்.

இன்னொன்றையும் சொல்லாமல் போக முடியாது. ஓட்டை விழுந்த தகரக் கொட்டிலுக்கு முன்னால் ஒரு தாயை நிறுத்தி, பிள்ளைகளின் முகத்தையும் காட்டி, வெளிநாட்டு உறவுகளிடம் உதவி கேட்கிற காணொளிகளைப் பார்த்திருப்பீர்கள். உதவி போய்ச் சேர்ந்த குடும்பங்கள் உண்டு, அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் அந்தப் பிள்ளை நாளைக்கும் அதே வகுப்பில்தான் போய் இருக்க வேண்டும். வகுப்பில் எல்லோரும் அதைப் பார்த்திருப்பார்கள். அரிசி மூட்டையோடு படமெடுத்தவருக்குப் பார்வைகளும் வருமானமும் பெயரும் வருகின்றன. அடுத்த முறை அவர் காசு கேட்டால் கணக்குக் கேட்க ஆளில்லை. இவர் படைப்பாளரா, செல்வாக்காளரா? அந்தத் தாயின் கண்ணீர் உள்ளடக்கம், பார்க்கிற நம்முடைய இரக்கம் செல்வாக்கு. எனக்கு இது பொறுக்கவில்லை. பிள்ளையின் முகத்தைக் காட்டாமலும் உதவி கேட்கலாம், செலவுக் கணக்கைப் பகிரங்கமாகப் போடலாம்.

காசு வாங்கியதைச் சொல்ல வழியும் இருக்கிறது. கட்டண விளம்பரம் உண்டு என்று குறிக்க யூடியூப்பிலேயே ஒரு தெரிவு உண்டு. இன்ஸ்டகிராமிலும் உண்டு. இந்தியாவில் விளம்பரத் தரக் கவுன்சில் 2021இல் செல்வாக்காளர்களுக்கென்றே வழிகாட்டல் போட்டது. அதன்படி இலவசமாக வந்த பொருளென்றாலும் பார்ப்பவருக்குச் சொல்ல வேண்டும்.

போன கிழமை செக்கு வைத்திருக்கிற ஒருவர் இரண்டு போத்தல் நல்லெண்ணெய் கொண்டுவந்து தந்தார். நல்ல எண்ணெய்தான், முகர்ந்து பார்த்தேன். அடுத்த காணொளி கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு. அடுப்பை மூட்ட முதலே போத்தலைக் கையில் எடுத்து, இது சும்மா வந்தது என்று சொல்லிவிட்டுத்தான் கத்தரிக்காயை வெட்டப் போகிறேன்.

வணக்கம்.