பத்தர் படித்த பாறை

நேயர்களுக்கு வணக்கம். பணி ஓய்வுக்குப் பிறகு என்ன செய்யலாம் என்று பேச அழைத்திருக்கிறார்கள். மதுரையில் ரயில்வே தபால் பிரிவில் கடிதம் பிரித்துக் காலம் கழித்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு என் நேரமெல்லாம் மதுரையைச் சுற்றியுள்ள மலைகளில்தான் போகிறது. அதனால் பேச்சும் அங்கேதான் போய் நிற்கும்.

நவம்பர் மாதம் எங்களைப் போன்ற மத்திய அரசு ஓய்வூதியர்கள் ஆயுள் சான்று கொடுக்க வரிசையில் நிற்போம். பழைய ஆட்களைப் பார்க்கும்போது பேச்சு சர்க்கரையில் தொடங்கி முழங்காலில் முடியும். நான் மட்டும் ஒன்று கேட்பேன்: "நாளைக்குக் காலையில் நீங்கள் வரவில்லையென்றால், ஏன் வரவில்லை என்று யாராவது தேடுவார்களா?" பாதிப் பேர் பதில் சொல்ல மாட்டார்கள். வேலையில் இருந்தவரை தேடினார்கள். ஒரு நாள் தாமதமானாலும் கேள்வி வந்தது. அது நின்றுபோவதுதான் சம்பளம் நிற்பதைவிடப் பெரிய இழப்பு என்று நினைக்கிறேன்.

தமிழக அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 58-லிருந்து 2020-ல் 59 ஆனது, 2021-ல் 60 ஆனது. அதற்கப்புறமும் பலருக்கு இருபது வருடம் கிடக்கிறது. அந்த இருபது வருடத்தை ஓட்டுவதற்குப் பொழுதுபோக்கு போதாது. கையில் இருக்கும் பழைய திறமைக்கு ஒரு புது இடம் வேண்டும். இதை இன்று ஒன்றுக்கு இரண்டு தடவையாகச் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உ.வே. சாமிநாதையர் 1919-ல் சென்னை மாநிலக் கல்லூரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். குறுந்தொகையை அவர் பதிப்பித்தது 1937-ல். அப்போது அவருக்கு 82 வயது. கல்வெட்டு ஆய்வாளர் ஐராவதம் மகாதேவன் 1980-ல் தானாகவே ஐ.ஏ.எஸ். பதவியை விட்டு வந்தவர். 1987 முதல் 1991 வரை தினமணி ஆசிரியர். அதுவும் முடிந்த பிறகு, அறுபது வயதுக்கு மேல், தான் முன்பு ஆராய்ந்த குகைகளுக்கே மறுபடி ஏறிப் போய், அங்கே பாறையில் வெட்டியிருக்கும் தமிழ் பிராமி என்ற பழங்காலத் தமிழ் எழுத்துகளைப் படியெடுத்தார். அந்த உழைப்பு பெரிய ஆங்கில நூலாக 2003-ல் வெளிவந்தபோது அவர் எழுபது வயதைத் தாண்டியிருந்தார்.

அவர்கள் மேதைகள், நம்மால் முடியுமா என்று கேட்பீர்கள். அதற்குத்தான் எங்கள் பத்தரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மலைக்குப் போகும் எங்கள் குழுவில் நகை செய்த ஒரு பத்தர் இருக்கிறார். மெஷின் நகை வந்தபிறகு பட்டறையில் வேலை குறைந்தது, அப்புறம் மூடியே விட்டார். அவருக்கு ஓய்வு பெறும் தேதி என்று ஒன்று கிடையாது, பென்ஷனும் கிடையாது. பிள்ளைகள் வெளியூரில். மனிதர் திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டே இருப்பார். "எனக்கு எழுத்தெல்லாம் தெரியாதுங்க, நான் வந்து என்ன செய்ய?" என்று மறுத்தவரை ஒருநாள் வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு போனோம்.

போனது அழகர்மலை. அழகர்கோயிலிலிருந்து மேலூர் போகும் வழியில் கிடாரிப்பட்டி என்ற ஊர். அங்கே மலையில் ஒரு குகை, உள்ளே சமண முனிவர்கள் படுத்த கற்படுக்கைகள். மழைத்தண்ணீர் உள்ளே வராமல் இருக்கப் பாறையின் நெற்றியில் ஒரு விளிம்பு வெட்டியிருப்பார்கள். அந்த இடத்தில் அதே தமிழ் பிராமி எழுத்துகள், சுமார் 2000 வருடத்துக்கு முந்தியவை. குகைக்கு உதவி செய்தவர்களின் பெயர்கள். அரசர் பெயரைத் தேடினால் ஏமாந்து போவீர்கள். உப்பு விற்றவர், ஏருக்குக் கொழு விற்றவர், துணி வணிகர், வெல்லப்பாகு வணிகர்... இப்படித்தான் வரும். முழுக்கக் கடைத்தெரு ஆட்கள்.

வெயில் சாய்வாக விழும் நேரத்தில்தான் வெட்டு தெரியும். மேலே பார்த்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக்கொண்டிருந்தோம். கோணல் கையெழுத்து முகவரியைப் படிக்கிற அதே வேலைதான், எனக்குக் கை வந்தது. நேயர்கள் பார்க்காமலே இரண்டு எழுத்தைக் கற்றுக்கொள்ளலாம். ஒரு கூட்டல் குறி போட்டால் அது 'க'. மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தால் 'ர'. அவ்வளவுதான். அப்படிக் கூட்டிக்கொண்டே போனபோது ஒரு வரியில் மதுரையைச் சேர்ந்த பொற்கொல்லன் ஒருவனின் பெயர் வந்தது. ஆதன் என்று பெயர். படித்துச் சொன்னேன். பத்தர் பேசவில்லை. "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். சொன்னேன். "எங்க ஆளா?" என்றார்.

அதற்கப்புறம் அவரை நிறுத்த முடியவில்லை. நாங்கள் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் வெட்டைப் பார்த்தார். உளி எந்தப் பக்கமிருந்து இறங்கியது, எங்கே கை திரும்பியது, எந்தக் கோடு பாறையில் தானாக விழுந்த விரிசல் என்று சொல்ல ஆரம்பித்தார். நான் ஒரு எழுத்தின் காலாக எண்ணிக்கொண்டிருந்த கோட்டைக் காட்டி, "இது உளி பட்டது இல்லைங்க" என்றார். ஆயுள் முழுக்கத் தங்கத்தில் நுணுக்கமாகச் செதுக்கிய கண் அது. புத்தகம் படித்த எங்களுக்கு அந்தக் கண் கிடையாது. இப்போது அவர் வராமல் நாங்கள் எந்த மலைக்கும் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை அவருக்கு உடம்பு சரியில்லை என்றால் எனக்கு முதலில் போன் வரும்.

நான் முதலில் சொன்னது இதுதான். பழைய திறமைக்குப் புது இடம். கணக்கர் ஒருவர் தன் ஊர்க் கோயில் கல்வெட்டில் நிலத்தையும் நெல்லையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். செவிலியராக இருந்தவர் தெருவில் தனியாக இருக்கும் முதியவர்களின் மாத்திரைச் சீட்டைச் சரிபார்க்கலாம். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர் ஊர்ப் பையன்களுக்கு வயரிங் சொல்லிக்கொடுக்கலாம். மலைதான் ஏற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஏறினால் நல்லது என்பேன். மூச்சு வாங்கும்போது பக்கத்தில் இருப்பவர் கை நீட்டுகிறார் பாருங்கள், அப்படிக் கிடைக்கிற சிநேகம் வேறு எங்கும் எனக்குக் கிடைக்கவில்லை.

நேரம் முடியப்போகிறது என்று சைகை வருகிறது. பெண்களைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், சுருக்கமாகவே சொல்கிறேன். ஆண் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தால் மனைவிக்கு வேலை கூடுகிறது. பகல் முழுக்கக் காபியும் சாப்பாடும். எங்கள் குழுவுக்கு வர விரும்பிய பெண்கள் பலர் சமையலைக் காரணம் சொல்லி நின்றுவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலைச் சமையலை வீட்டில் உள்ள ஆண்கள் எடுத்துக்கொள்ளுங்கள், பெண்களை அனுப்பி வையுங்கள். அது நடக்காதவரை நான் இதுவரை பேசியது பாதிப் பேருக்குத்தான் பொருந்தும்.

மலைக்குப் போகிறவர்களுக்கு மூன்று வார்த்தை: தனியாகப் போகாதீர்கள், தண்ணீரும் தடியும் எடுத்துக்கொள்ளுங்கள், எழுத்து தெரியவில்லை என்று சாக்பீஸால் அதன்மேல் வரையாதீர்கள். நன்றி, வணக்கம்.