விதைநெல்லைக் கொடுத்து வாங்கிய பெயர்கள்

நடுவர் ஐயாவுக்கும், மேடையில் இருக்கும் இரு அணியினருக்கும், ஞாயிற்றுக்கிழமை மாலையை எங்களுக்காக ஒதுக்கி வந்து உட்கார்ந்திருக்கும் ஸ்காபரோ உறவுகளுக்கும் வணக்கம்.

பேர்பெற்ற ஆட்டக்காரரை ட்ரேடில், அதாவது இன்னொரு அணியோடு கைமாற்றி, வாங்குவது ஐஸ் ஹொக்கி அணிக்கு லாபமா, நட்டமா என்பது தலைப்பு. லாபமே என்று எனக்கு முன்னால் பேசிய அண்ணன் மூன்று சாட்சிகளை நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார். வேய்ன் கிரெட்ஸ்கி போனதால்தான் லொஸ் ஏஞ்சலிஸில் ஹொக்கி பிழைத்தது என்றார். கோல்காரர் பாட்ரிக் ரூவாவை வாங்கிய அதே பருவத்தில் கொலராடோ கோப்பை வென்றது என்றார். மாத்யூ கச்சக்கை வாங்கிய புளோரிடா 2024, 2025 என்று அடுத்தடுத்து NHL லீக்கின் ஸ்டான்லி கோப்பையைத் தூக்கியது என்றார். நட்டமே என்று பேச வந்தவன் நான். அந்த மூன்று சாட்சிகளையும் நானே மறுபடி கூப்பிடப் போகிறேன். ஆனால் அதற்கு முன்னால் நம் வீட்டுக் கணக்கைப் பார்த்துவிடுவோம். இந்த மண்டபத்தில் பாதிப்பேர் நீலச் சட்டையோடு வந்திருக்கிறீர்கள். நானும் நம் டொரொன்டோ அணியான லீஃப்ஸின் பிள்ளைதான்.

முன்வரிசையில் ஹொக்கி பார்க்காத பெரியவர்கள் இருக்கிறீர்கள், உங்களுக்காக ஒரு நிமிடம். ஒவ்வொரு வருடமும் டிராஃப்ட் என்று ஒன்று நடக்கும். 18 வயதுப் பெடியன்களை அணிகள் சுற்றுச் சுற்றாக முறை வைத்து எடுக்கும், முதல் சுற்று முறைதான் பெறுமதி கூடியது. முந்தின பருவத்தில் அடியில் கிடந்த அணிகளுக்கு முன்னுரிமை. அந்த முறையையே இன்னொரு அணிக்குக் கொடுத்துவிட்டு ஓர் ஆட்டக்காரரை வாங்கிக்கொள்ளலாம். இந்த வருடத்து முறை மட்டுமில்லை, இரண்டு மூன்று வருடம் கழித்து வரப்போகிற முறையையும் கொடுக்கலாம். இன்னும் பள்ளிக்கூடத்தில் இருக்கிற ஒரு பிள்ளையை, பெயர் கூடத் தெரியாமல் விற்கலாம். நம் ஊர்ச் சொல்லில் அது விதைநெல். ஒரு நாள் சோற்றுக்காக விதைநெல்லை அவித்த வீட்டில் அடுத்த போகம் என்ன விளையும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

1989 ஒக்டோபர். பருவம் தொடங்கியதுமே லீஃப்ஸ் தடுமாறியது. டிஃபென்ஸில் ஆள் வேண்டும் என்று நியூ ஜெர்சியிடம் டொம் கர்வர்ஸை வாங்கினார்கள். விலை, 1991ஆம் ஆண்டின் முதல் சுற்று முறை. 1991 ஜனவரியில் கர்வர்ஸை வான்கூவருக்குக் கொடுத்தாயிற்று. டிராஃப்ட் வந்தது ஜூனில். பாருங்கள் ஐயா, விலை கொடுக்கும் நாள் வருவதற்கு முன்பே வாங்கின பொருள் வீட்டில் இல்லை. அந்த முறையில், மூன்றாவது ஆளாக, நியூ ஜெர்சி எடுத்த பெடியனின் பெயர் ஸ்கொட் நீடர்மையர். நியூ ஜெர்சியோடு மூன்று கோப்பை, அனஹைமோடு இன்னொன்று. இன்று அவர் ஹொக்கிப் புகழ்மண்டபத்தில் இருக்கிறார்.

அடுத்தது எங்கள் வீட்டோடு சம்பந்தப்பட்டது. என் சித்தப்பா இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். முதல் குளிருக்கு ஜக்கெற் வாங்கினார், அடுத்த மாதம் லீஃப்ஸ் ஆட்டக்காரர் வெண்டல் கிளார்க்கின் 17ஆம் இலக்கச் சட்டை வாங்கினார். அதைத் தோய்க்கும்போது உள்பக்கத்தை வெளியே திருப்பித்தான் போடுவார், இலக்கம் உரிந்துவிடக் கூடாது என்று. மெஷினில் போட விடமாட்டார், வாளியில் கையால் அலசுவார். பேச்சு வராத நாட்டில், பனிக்குள் வேலைக்குப் போய்வந்த அந்த மனிதருக்கு, சஸ்காச்சுவன் சிற்றூரிலிருந்து வந்து யாருக்கும் பயப்படாமல் மோதிய அந்தக் கப்டன் ஒரு தைரியம்.

1994இல் கிளார்க்கைக் கியூபெக்குக்கு ட்ரேட் செய்தார்கள். அந்தப் பருவம் 46 கோல் போட்டவர். சித்தப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் ஐயா, அந்த ட்ரேட் லாபம். எதிரணி சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். ஏன் லாபம்? 27 வயதுப் பெரிய பெயரைக் கொடுத்து, 23 வயது மாட்ஸ் சண்டீனை வாங்கினோம். பெயரைக் கொடுத்து வயதை வாங்கினோம். சண்டீன் லீஃப்ஸுக்கு 420 கோல் போட்டார்.

அப்புறம் என்ன செய்தோம்? 1996 மார்ச்சில் அதே கிளார்க்கை, அதற்குள் அவர் போய்ச் சேர்ந்திருந்த நியூ யோர்க் ஐலண்டர்ஸ் அணியிடமிருந்து திருப்பி வாங்கினோம். சித்தப்பா அன்றிரவு தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் அடித்தார். நானும் துள்ளினேன், சின்னப்பிள்ளை. விலையை யாரும் கேட்கவில்லை. கென்னி யோன்சன் என்ற நல்ல இளம் டிஃபென்ஸ்காரர், இன்னும் சில பெடியன்கள், அதோடு 1997இன் முதல் சுற்று. அடுத்த பருவம் லீஃப்ஸ் பிளேஓஃப், அதாவது கோப்பைக்கான கடைசிக் கட்டச் சுற்றுகளுக்கு, போகவில்லை. ஆகவே அந்த முறை நான்காவது முறையானது. அதில் ஐலண்டர்ஸ் எடுத்தது ரொபேர்ட்டோ லுவோங்கோ. 489 ஆட்டம் வென்ற கோல்காரர், அவரும் புகழ்மண்டபத்தில். கிளார்க் 1998இல் மறுபடி போய்விட்டார். ஐலண்டர்ஸும் பிறகு லுவோங்கோவை விற்றது, அந்தக் கண்ணீர் அவர்களுடையது. கிளார்க்கைத் திருப்பிக் கூட்டிவந்தது பாசம். நான் பாசத்தைக் குறை சொல்லவில்லை, அதை நேரில் பார்த்து வளர்ந்தவன். ஆனால் பாசத்துக்கு விலை போட்டவன் எதிரே உட்கார்ந்து நிதானமாகக் கணக்குப் பார்த்தான்.

2006இல் டுக்கா ரஸ்க் என்ற இளம் கோல்காரரை பொஸ்டனுக்குக் கொடுத்து, புதுமுக விருது வாங்கி பெயரெடுத்திருந்த ஆண்ட்ரூ ரேய்க்ரொஃப்டை வாங்கினோம். இரண்டே பருவம், போய்விட்டார். 2009இல் அதே பொஸ்டனிடம் பில் கெஸலை வாங்கினோம். இரண்டு முதல் சுற்று, ஓர் இரண்டாம் சுற்று கொடுத்தோம். கெஸலில் ஒரு குறையும் இல்லை, கோல் போடச் சொன்னார்கள், போட்டார். ஆனால் நாம் கொடுத்த முறைகளில் பொஸ்டன் டைலர் செகீனையும் டகி ஹாமில்டனையும் எடுத்தது. 2011இல் கோப்பையும் எடுத்தது, செகீன் அந்த அணியில்.

இந்த இரண்டு ட்ரேடும் ஒன்றாக வந்து முகத்தில் அறைந்த இரவு 2013 மே 13. பிளேஓஃப் தொடரைத் தீர்க்கும் ஏழாவது ஆட்டம், எதிரே பொஸ்டன். எங்கள் நிலவறை வீட்டில் பதினொரு பேர், இரண்டு சோபா. நம் கெஸல் கோல் போட்டார், கட்ரி போட்டார், நமக்கு 4-1. மூன்றாம் பகுதி. சித்தி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். யாரும் தொடவில்லை, தொட்டால் ராசி போய்விடும் என்று. அப்புறம் பொஸ்டன் ஒன்று, இரண்டு, கடைசி நிமிடத்தில் மூன்றாவது. ஓவர்டைமில் பேர்ஜரோன். 5-4. தேத்தண்ணியில் ஆடை படிந்திருந்தது. திரையில் பொஸ்டன்காரர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள், முகமூடி போட்ட அவர்களுடைய கோல்காரரைச் சுற்றி. அது ரஸ்க். நம்முடைய ரஸ்க். சித்தப்பா எழும்பி ரீவியை நிறுத்தவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்.

சரி, இப்போது சாட்சிகளுக்கு வருவோம்.

கிரெட்ஸ்கி. 1988 ஓகஸ்ட் 9. அவரை எட்மன்டனிடம் வாங்க லொஸ் ஏஞ்சலிஸ் கொடுத்தது ஜிம்மி கார்சன், மார்ட்டின் ஜெலினா, மூன்று முதல் சுற்று, ஒன்றரைக் கோடி அமெரிக்க டொலர். கலிஃபோர்னியாவில் ஹொக்கி வேர்விட்டது உண்மை, லீக்குக்கு லாபம். ஆனால் தலைப்பு அணியைப் பற்றியது. எட்மன்டன் ஒரு வருடம் கழித்து கார்சனை டெட்ரோய்ட்டுக்குக் கொடுத்து ஆடம் கிரேவ்ஸ், ஜோ மர்ஃபி, பீட்டர் கிளீமா ஆகியோரை வாங்கியது. ஜெலினா, கிரேவ்ஸ், மர்ஃபி மூவரும் சேர்ந்து ஒரு வரிசை, பெடியன்கள் வரிசை. 1990 பிளேஓஃபில் அந்த எட்மன்டன், கிரெட்ஸ்கி இருந்த லொஸ் ஏஞ்சலிஸை நாலுக்குப் பூஜ்யம் என்று அனுப்பியது. இறுதிச் சுற்றில் முதல் ஆட்டம் மூன்று ஓவர்டைம் போனது, முடித்த கோல் கிளீமாவுடையது. கோப்பை எட்மன்டனுக்கு. கிரெட்ஸ்கி அதற்குப் பிறகு ஒரு கோப்பையும் தூக்கவில்லை. லொஸ் ஏஞ்சலிஸ் தன் முதல் கோப்பையைப் பார்த்தது 2012இல். கொப்பிட்டார், டவுட்டி, குவிக், கப்டன் பிரவுன், எல்லோரும் அந்த அணியே டிராஃப்டில் எடுத்து வளர்த்தவர்கள். ட்ரேடில் வந்த கார்ட்டரும் ரிச்சர்ட்ஸும் கூட இருந்தார்கள், மறைக்கவில்லை.

ரூவா. இந்தச் சாட்சி எதிரணிக்கு மிகவும் பிடித்த சாட்சி, எனக்கும் பிடிக்கும். 1992இல் கியூபெக் அணி எரிக் லிண்ட்ரோஸைப் பிலடெல்ஃபியாவுக்குக் கொடுத்தது. பதிலுக்கு வந்தவர்களில் பீட்டர் ஃபோர்ஸ்பெர்க் ஒருவர், வந்த முதல் சுற்று முறைகளில் ஒன்றில் எடுக்கப்பட்டவர் ஜோஸ்லின் திபோ. கியூபெக் அணி 1995இல் கொலராடோவுக்குக் குடிபெயர்ந்தது. அந்த டிசம்பர் 2ஆம் திகதி, ரூவா இருந்த மொன்றியல் அணி சொந்த ஊரில் டெட்ரோய்ட்டிடம் 11-1 என்று தோற்றது. ஒன்பது கோல் விடும்வரை ரூவாவை மாற்றாமல் வைத்திருந்தார்கள். அவர் இனி இங்கே விளையாட மாட்டேன் என்றார், நாலாவது நாள் கொலராடோவுக்கு ட்ரேட். மொன்றியலுக்குப் போனவர்களில் ஒருவர் யார்? திபோ. மொன்றியல் பெடியன்களை வாங்கியும் தோற்றது, இந்த ஓரிடத்தை எதிரணிக்கு விட்டுத்தருகிறேன், கோபத்தில் விற்றவர்கள் அவர்கள். ஆனால் கொலராடோ விதைநெல்லை விற்று ரூவாவை வாங்கவில்லை. முந்தின போகத்தில் விளைந்து நிறைந்த களஞ்சியத்திலிருந்து எடுத்துக் கொடுத்தது. 1996 கோப்பை அப்படி வந்தது. லிண்ட்ரோஸ் என்ற பெரிய பெயரை வாங்கிய பிலடெல்ஃபியா 1997 இறுதிச் சுற்றில் நாலு ஆட்டமும் தோற்றது.

கச்சக். 2022இல் புளோரிடா கொடுத்த ஹூபர்டோவுக்கு 29 வயது, வாங்கிய கச்சக்குக்கு 24. ஹூபர்டோ அப்போதுதான் கோலும் கோலுக்கு உதவியதும் சேர்த்து 115 புள்ளி எடுத்தவர், அந்தப் பெரிய பெயரை வாங்கியது கால்கரி. அடுத்த பருவம் அவர் எடுத்தது 55. புளோரிடா முதல் சுற்று ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் கச்சக் வந்து நின்ற வீட்டில் பார்க்கோவும் எக்பிளாடும் ஏற்கெனவே இருந்தார்கள், டிராஃப்டில் எடுத்த சொந்தப் பிள்ளைகள். அண்ணா, உங்கள் சாட்சி என் பக்கம் வந்து நிற்கிறது.

எனக்குப் பின்னால் பேச வரும் தங்கச்சி என்ன கேட்பார் என்று தெரியும். "லீஃப்ஸ் நைலண்டரை எடுத்தது, மார்னரை எடுத்தது, மத்தியூஸை எடுத்தது. சொந்த விளைச்சல்தானே, கோப்பை எங்கே?" நியாயமான கேள்வி. 2014, 2015, 2016 மூன்று வருடம் விதைத்தோம். பிறகு? 2019 முதல் சுற்று மஸின் என்ற ஆட்டக்காரரை வாங்கப் போனது. 2020 முதல் சுற்று நம் ஆட்டக்காரர் மார்லோவின் சம்பளத்தைக் கரொலைனாவின் தலையில் இறக்கிவைக்கப் போனது, அதில் கரொலைனா சேத் ஜார்விஸை எடுத்தது. 2021 ஃபொலிக்னோவுக்கு. 2023 ஓரைலிக்கு, அந்தக் கோடையே அவர் போய்விட்டார். 2025 மக்கேபுக்கு. 2026 கார்லோவுக்கு, 2027 லாட்டனுக்கு, இரண்டும் 2025 மார்ச்சில் ஒரே நாளில். 2005இலிருந்து இந்த லீக்கில் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருக்கிறது ஐயா. பெரிய பெயர்கள் அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும். மிச்ச இடத்தைத் தொடக்க ஒப்பந்தத்தில் இருக்கும் மலிவான இளசுகள்தான் நிரப்ப வேண்டும். மத்தியூஸுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய அந்தப் பிள்ளைகளை ஏழு தடவை விற்றோம். அந்த மார்ச்சுக்குப் பிறகு வந்த மே மாதம், ஏழாவது ஆட்டம், சொந்த அரங்கு, புளோரிடாவிடம் 6-1.

தங்கச்சி மேடைக்கு வரும்போது இதற்கு மட்டும் பதில் கொண்டுவரட்டும். நாம் கடைசியாகக் கோப்பை வென்ற 1967க்குப் பிறகு, முதல் சுற்றைக் கொடுத்து நாம் வாங்கிய பெயர்களில் எவர் இந்த ஊருக்குக் கோப்பை கொண்டுவந்தார்? ஒரு பெயர் போதும். சித்தப்பா அதோ நாலாவது வரிசையில், 17ஆம் இலக்கச் சட்டையோடு இருக்கிறார். அவரைப் பார்த்துச் சொல்லட்டும்.

வணக்கம்.