அரசாணையின் அடியில் யார் கையெழுத்து?

வணக்கம் மக்களே. இதோ என் கையில் ஒரு அரசாணை இருக்கிறது. கேமரா பக்கத்தில் பிடிக்கிறேன், கடைசிப் பக்கத்தை மட்டும் பாருங்கள். "ஆளுநரின் ஆணைப்படி" என்று இருக்கிறது, அதற்குக் கீழே ஒரு பெயர், பெயருக்குக் கீழே "அரசு முதன்மைச் செயலாளர்". அமைச்சரின் கையெழுத்து எங்கேயும் இல்லை. எந்தத் துறை அரசாணையை எடுத்தாலும் இப்படித்தான். அரசியல் சட்டத்தின் 166-வது பிரிவுப்படி மாநில அரசின் ஆணை ஆளுநர் பெயரில் வர வேண்டும், டெல்லியில் 77-வது பிரிவுப்படி குடியரசுத் தலைவர் பெயரில். அந்தப் பெயரால் கையெழுத்துப் போடுகிறவர்கள் செயலாளரும் அவருக்குக் கீழே உள்ள அதிகாரிகளும்தான்.

போன வீடியோவில் ஒரு தம்பி, "அண்ணா, கலெக்டர்தானே பெரிய பதவி, செயலாளர் என்ன செய்வார்?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. கலெக்டரை நாம் மனுநீதி நாளில் நேரில் பார்க்கிறோம், செயலாளர் கோட்டைக்குள் இருக்கிறார், யார் கண்ணிலும் படுவதில்லை. ஆனால் ஐ.ஏ.எஸ். சர்வீஸில் சேர்ந்து பத்து வருடத்துக்குள்ளேயே பலர் கலெக்டர் ஆகிவிடுகிறார்கள், மத்திய அரசில் ஒரு அமைச்சகத்தின் செயலாளராக முப்பது வருடத்துக்கு மேல் ஆகும். அந்த அமைச்சகத்தின் பணத்துக்கு முதன்மைக் கணக்குப் பொறுப்பாளர் அவர்தான். நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு "இந்தப் பணம் எங்கே போனது?" என்று கேட்டால் போய் உட்கார்ந்து பதில் சொல்வது செயலாளர், அமைச்சரை அந்தக் குழு அழைப்பதில்லை.

சரி, முடிவெடுப்பது யார்? அமைச்சர்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, மக்கள் ஓட்டுப் போட்டது அவருக்கு. ஆனால் அந்த முடிவுக்கு முன்னால், "இதில் இந்தச் சிக்கல் இருக்கிறது, விதி இப்படிச் சொல்கிறது, இவ்வளவு செலவாகும்" என்று கோப்பில் எழுதி வைக்க வேண்டியது செயலாளரின் வேலை, எழுதிய பிறகும் அமைச்சர் சட்டத்துக்கு உட்பட்டு வேறு முடிவு எடுத்தால் அதை முழு மனதோடு நிறைவேற்றுவதும் அவர் வேலைதான். 1949 அக்டோபரில் அரசியல் நிர்ணய சபையில் சர்தார் படேல் இதைத்தான் பேசினார். என் செயலாளர் என் கருத்துக்கு எதிராகவே குறிப்பு எழுதலாம், அந்தச் சுதந்திரத்தை நான் கொடுத்திருக்கிறேன் என்றார். அந்த ஒரு குறிப்பில்தான் அந்தப் பதவியின் உயிரே இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

குறிப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும்? 1957-இல் எல்.ஐ.சி. பணம் சுமார் 1.24 கோடி ரூபாய் முந்த்ரா என்ற தொழிலதிபரின் ஆறு கம்பெனிகளின் பங்குகளில் போடப்பட்டது. பெரோஸ் காந்தி எம்.பி. இதை நாடாளுமன்றத்தில் கிளப்பினார், நீதிபதி சாக்ளா விசாரித்தார். நிதியமைச்சர் நம்ம ஊர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி, நிதித்துறையின் முதன்மைச் செயலாளர் எச்.எம். படேல். அமைச்சர் நான் ஒப்புதல் தரவில்லை என்கிறார், செயலாளர் அமைச்சருக்குத் தெரிந்துதான் செய்தேன் என்கிறார், நடந்தது வாய்ப்பேச்சு! செயலாளர் செய்ததற்கும் அமைச்சர்தான் பொறுப்பு, அதிகாரியின் பின்னால் போய் நிற்க முடியாது என்று சாக்ளா சொல்லிவிட்டார். 1958 பிப்ரவரியில் டி.டி.கே. ராஜினாமா செய்தார். எச்.எம். படேலும் பின்னால் பதவியை விட்டு வெளியேறினார், அப்புறம் அரசியலுக்கு வந்து 1977-இல் ஜனதா ஆட்சியில் அதே நிதித்துறைக்கே அமைச்சரானார். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

வாய்மொழி உத்தரவு வந்தால் எழுத்தில் உறுதி வாங்க வேண்டும் என்று இந்த அதிகாரிகளுக்கான 1968-ஆம் வருட நடத்தை விதிகளிலேயே இருக்கிறது. இருந்தும் தஞ்சாவூர்க்காரரான டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன், நாட்டின் அமைச்சரவைச் செயலாளராகவே இருந்து ஓய்வுபெற்றவர், 80-க்கும் மேற்பட்ட ஓய்வுபெற்ற அதிகாரிகளோடு உச்ச நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. 2013 அக்டோபர் 31-இல் தீர்ப்பு வந்தது. வாய்மொழி உத்தரவைப் பதிவு செய்யுங்கள், இடமாற்றத்துக்கு ஒரு குடிமைப் பணி வாரியம் வையுங்கள், குறைந்தபட்சக் காலம் ஒன்றை நிர்ணயம் செய்யுங்கள் என்றது நீதிமன்றம்.

எனக்கு மனசு வலிப்பது அந்தக் கடைசி விஷயத்தில்தான். உள்துறை, பாதுகாப்பு, வெளியுறவுச் செயலாளர்களுக்கு இரண்டு வருடம் என்று காலம் வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தையும் தண்ணீரையும் பார்க்கிற செயலாளருக்கு அந்த அளவு உறுதி கிடைப்பதில்லை. துறையைப் புரிந்துகொள்ளவே ஒரு வருடம் ஆகும், அதற்குள் மாற்றிவிட்டால் எதிர்க் குறிப்பு எழுத அவருக்கு எங்கிருந்து தைரியம் வரும், எழுதினாலும் அதைத் தொடர்ந்து கவனிக்க யார் இருப்பார்?

ஒன்று செய்யுங்கள். உங்களைப் பாதித்த ஒரு துறையின் அரசாணைகளை அரசு இணையதளத்திலிருந்து எடுங்கள், மூன்று வருடத்துக்கு. கடைசிப் பக்கத்தில் எத்தனை பெயர் மாறியிருக்கிறது என்று எண்ணிக் கீழே எழுதுங்கள், நானும் பள்ளிக்கல்வித் துறையை எடுத்து எண்ணிக்கொண்டிருக்கிறேன்.